நூற்றுப் பதினேழாம் எண்

வெள்ளிமேட்டுக்குப்பம்,
பழவேற்காடு அஞ்சல்,
9.2.1988

அன்புள்ள ரவூபுக்கு,

சிகாமணி எழுதுவது. இங்கே யாவரும் நலம். மண்ணடியில் நீயும் நலமாக இருக்க எங்கள் எல்லையம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று கடிதம் போட்டால் ஒன்றுக்குத்தான் பதில் என்பது எந்த ஊர் நியாயம்? பட்டணத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலை கிடைத்துவிட்டால், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் முகம் மறந்துபோகுமா?

சரி, சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இறால் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் போகும்போது எங்கள் சங்கத்துக்கு விட்டுப்போன கம்ப்யூட்டரில், பொங்கலுக்கு வந்தபோது நீ பாடு முறைப் பட்டியல் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தாயே, அதைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் நான்தான் பேசினேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன், சரியா என்று பார். "ஏரில நமக்கு வலை கட்ட அஞ்சு பாடு கீது. ஒரு பாட்ல ஒரு நாளைக்கு ஒரு வூட்டு வலைதான் கட்டலாம். நூத்தி நாப்பது வூடு. அம்மன் திருநா ஒரு நாள் போவ, மிச்ச நாளுக்கு வூட்டுக்குப் பதிமூணு மொறை வருது. ஆனா அமாவாசை நீரோட்டத்துல வர்ற இறாலு மத்த நாள்ல வருமா? சீட்டு குலுக்கினா ஒர்த்தனுக்கு அஞ்சு அமாவாசை, இன்னொர்த்தனுக்கு ஒண்ணுகூட இல்ல. போன வருசம் ரெண்டு மண்டை ஒடஞ்சுது. இந்தப் பொட்டி எல்லாருக்கும் சமமா பிரிச்சிக் குடுக்கும். இதுக்கு மாமன் மச்சான் கெடயாது."

நன்றாகத்தானே பேசியிருக்கிறேன்? உடனே என் அக்கா குணசுந்தரியின் புருஷன், பொன்னுரங்கம் மச்சான், எழுந்தார். "சீட்டுல தப்பு வந்தா அம்மனைக் கேக்கலாம். பொட்டில தப்பு வந்தா யாரைக் கேக்கறது? இவனையா?" என்று என்னைக் காட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய, கம்ப்யூட்டரை ஊருக்குள் விட்ட பெரியதனக்காரர் முகம் கறுத்துவிட்டது. எனக்கும் சுருக்கென்றது, சொல்லாமல் என்ன.

ஆனாலும் ஊர் ஒத்துக்கொண்டது. வீட்டுக்கு ஒரு எண் கொடுத்து, அவரவர் படகில் எழுதச் சொல்லியாயிற்று. மச்சானுக்கு நூற்றுப் பதினேழு. முணுமுணுத்துக்கொண்டே அவரும் எழுதிவிட்டார்.

இப்போது சங்கடம் என்னவென்றால், உன் புரோகிராம் முடிய பதினோரு மணி நேரம் ஆகிறது. இங்கே கரண்டு காலை ஒன்பதுக்கு வந்தால் நாலு மணிக்குப் போய்விடுகிறது. மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் பாதியில் திரை இருண்டது. சித்திரை முதல் நாள் பட்டியலை ஒட்டாவிட்டால் மறுபடியும் சீட்டுதான். அப்புறம் நான் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஏதாவது வழி சொல்.

இப்படிக்கு,
உன் தெய்வசிகாமணி

*

மண்ணடி, சென்னை-1,
15.2.1988

அன்புள்ள சிகாமணிக்கு,

இறைவன் அருளால் நலம். உன் மூன்று கடிதங்களில் இரண்டு உன் ஊர்ச் சண்டையைப் பற்றியவை. அதற்கு நான் என்ன பதில் எழுதுவது, யார் மண்டை பெரியது என்றா?

வழி இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் மதர்போர்டில் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு தகர டப்பா தெரியும். அதில் 12 என்று பொறித்திருக்கும். கிரிஸ்டல் என்பார்கள். அது துடிக்கிற கணக்கில் பாதி வேகத்தில் பிராசசர் ஓடும். இப்போது ஓடுவது ஆறில். அந்த சிப் எட்டில் நிச்சயம் ஓடும், ஒன்பதில் அநேகமாக ஓடும். அதற்குமேல் அதன் தலையெழுத்து. இத்துடன் 16 கிரிஸ்டல் ஒன்றைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அவசரப்படாதே. முதலில் பழைய கிரிஸ்டலிலேயே, இருபது வீட்டுக்கு மட்டும் ஒரு மாதிரிப் பட்டியல் ஓட்டி அச்செடுத்து வைத்துக்கொள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொட்டுவிட்டு, பழையதை நேராக மேலே இழு. குத்தூசி, கத்தி எதுவும் வேண்டாம். புதியதைச் செருகி அதே மாதிரியை ஓட்டு. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெயிலில் பிடித்துப் பார். ஓர் எண் பிசகினாலும் பழையதற்கே திரும்பிவிடு. மூன்று நாள் இப்படிச் செய். ஓடும்போது சிப்பின்மேல் விரலை வை. பத்து எண்ணும்வரை வைக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் நிறுத்து. பெட்டியை மூடாமல் பக்கத்தில் மேசை விசிறியைத் திருப்பி வை.

எட்டில் ஓட்டினால் எட்டேகால் மணி நேரம் ஆகும். உன் கரண்டுக்கு அது போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரே தாவலில் மேலே போகக்கூடாது. எட்டில் பிசகாமல் ஓடியது என்று எழுது, அடுத்ததை அனுப்புகிறேன்.

ஒன்று சொல்லட்டுமா, ஓர் இயந்திரத்திடம் அதன் முதலாளி சொன்னதைவிட அதிகம் வாங்குவதில் ஒரு ருசி இருக்கிறது. நான் இங்கே கம்பெனிக்குத் தெரியாமல் நாலு பெட்டியில் செய்திருக்கிறேன்.

அன்புடன்,
ரவூப்

*

வெள்ளிமேட்டுக்குப்பம்,
3.3.1988

அன்பின் ரவூபுக்கு,

எட்டில் பிசகாமல் ஓடியது! மூன்று நாளும் தாளுக்குத் தாள் அச்சு ஒன்றுபோல. விரல் வைத்துப் பார்த்தேன், இருபது வரை எண்ணினேன். பெரியதனக்காரரும் வந்து வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடா, ஜொரம் வந்த கொயந்த மாதிரி கீது" என்றார். சங்கத்து விசிறி இப்போது கம்ப்யூட்டருக்குத்தான். கூட்டத்துக்கு வருகிறவர்கள் துண்டால் விசிறிக்கொள்கிறார்கள்.

முழுப் பட்டியலை ஓட்டினேன். நாலு மணிக்குக் கரண்டு போனது. நீ 18 அனுப்பினால் ஏழு மணி இருபது நிமிடம் என்று நானே கணக்குப் போட்டுவிட்டேன். அப்போதும் இருபது நிமிடம் உதைக்கிறது. அந்த இருபது நிமிடத்துக்கு ஏதாவது செய்.

மச்சான் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அக்காதான் நடுவில் கிடந்து தவிக்கிறாள். "அவரு வாய்தான்டா அப்டி. மனசுல வச்சிக்காத" என்று நேற்றும் வந்து சொன்னாள். அம்மா செத்த பிறகு எனக்குச் சோறு போட்டவள். அவளுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கு இறால் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறாள், உன் அம்மா கைருன் பீவியிடம் சேர்த்துவிட்டேன்.

உன்,
சிகாமணி

*

மண்ணடி,
10.3.1988

அன்புள்ள சிகாமணிக்கு,

18 கிரிஸ்டல் இத்துடன். அதே சோதனை, அதே மூன்று நாள்.

இருபது நிமிடம் என்கிறாய். மதர்போர்டின் ஓரத்தில், மெமரி சிப்புகள் வரிசையாக இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு ஊசிகளை இணைத்தபடி ஒரு கறுப்புத் தொப்பி இருக்கும். அதற்கு ஜம்பர் என்று பெயர். பிராசசர் ஒவ்வொரு முறை மெமரியைக் கேட்கும்போதும் ஒரு துடிப்பு காத்திருக்கச் சொல்வது அதுதான். அதைக் கழற்றிவிட்டால் காத்திருக்காது, ஆறு மணி நேரத்துக்குள் வேலை முடியும். ஆனால் உன் மெமரி பழசு. கேட்ட நொடியில் பதில் சொல்ல அதால் முடியாது, வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஆகவே அதைத் தொடாதே. இருபது நிமிடம் கூடுதலாகக் கரண்டு கொடுக்கும்படி துணைமின் நிலையத்து ஆளைப் பிடி. மீன் வாங்காத ஆளா அவர்?

எப்படி ஓட்டினாலும், பட்டியல் வந்ததும் ஒட்டாதே. இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணும் பதின்மூன்று முறை வந்திருக்க வேண்டும். அரை நாள் வேலை. பதறாத காரியம் சிதறாது என்று நம் வாத்தியார்தானே தினமும் எழுதிப் போடுவார்?

அன்புடன்,
ரவூப்

*

வெள்ளிமேட்டுக்குப்பம்,
16.4.1988

என் அருமை ரவூபுக்கு,

பட்டியல் ஒட்டியாகிவிட்டது! பதினோரு தாள், சங்கத்துச் சுவரில். ஊரே கூடி அவரவர் எண்ணைத் தேடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கள்கூட இப்போது தங்கள் எண்ணை மட்டும் படிக்கிறார்கள்.

நீ திட்டுவாய், திட்டு. துணைமின் நிலையத்து ஆள் மாற்றலாகிப் போய்விட்டார். 18இல் இரண்டு நாள் ஓட்டினேன், இரண்டு நாளும் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது கரண்டு போயிற்று. சித்திரைக்கு ஒரே நாள் பாக்கி. தொப்பியைக் கழற்றிவிட்டேன். மாதிரியை ஒரு முறை ஓட்டினேன், சரியாகவே வந்தது. ஐந்து மணி ஐம்பது நிமிடத்தில் முழுப் பட்டியலும் முடிந்தது. அச்சாகி வரும்போதே வாசலில் நூறு பேர். அவர்களை நிறுத்திவைத்து எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? ஒட்டிவிட்டேன்.

மச்சான் வீட்டிலிருந்து இதுவரை ஒரு சத்தமும் இல்லை. வாயடைத்துப் போயிருப்பார்.

உன்,
தெய்வசிகாமணி

*

மண்ணடி,
29.5.1988

அன்புள்ள சிகாமணிக்கு,

நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்க வெள்ளிமேட்டுக்கு வந்தபோது நீ பொன்னேரி போயிருப்பதாகச் சொன்னார்கள். சங்கத்து ஜன்னலில் உன் சட்டை தெரிந்தது.

பழவேற்காடு கடைத்தெருவில் உன் அக்காவைப் பார்த்தேன். உப்பும் அரிசியும் வாங்கிக்கொண்டிருந்தார். உங்கள் ஊரில் கடை இருக்கும்போது இரண்டு கல் நடந்து எங்கள் தெருவுக்கு ஏன் வர வேண்டும் என்று என் அம்மாவைக் கேட்டேன். "அவங்களுக்கு ஊர்ல யாரும் சாமான் குடுக்கறதில்ல, பட்டியல்ல அவங்க நம்பர எடுத்துட்டாங்களாம்" என்றார். பொன்னுரங்கம் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறாராம். ஐந்து பாட்டிலும் சுத்து வலை கட்டிய ஆள்.

யார் எடுத்தது? கூட்டம் போட்டு எடுத்தீர்களா? இல்லையென்றால், நீ தொடாதே என்று நான் சொன்னதைத் தொட்டதால் வந்ததா? எண்ணிப் பார்த்தாயா இல்லையா? ஒரு வரியில் பதில் போடு.

ரவூப்

*

வெள்ளிமேட்டுக்குப்பம்,
6.6.1988

அன்புள்ள ரவூபுக்கு,

ஒரு வரியில் எழுதுகிற காரியமா இது?

ஒட்டிய நாலாம் நாள் மச்சான் வந்தார். பதினோரு தாளையும் மேலிருந்து கீழே மூன்று முறை விரல் வைத்துப் பார்த்தார். நூற்றுப் பதினேழு எங்குமே இல்லை. சுற்றி நின்றவர்கள் ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஊர்த் தீர்ப்பு உனக்குத் தெரியும். ஒருவனை விலக்குவதென்றால் தண்டோரா போடமாட்டார்கள், முறை சொல்லும்போது அவன் பெயரை விட்டுவிடுவார்கள். விலக்கப்பட்டவன் வெற்றிலைத் தட்டோடு வந்து கூட்டத்தில் விழுந்து எழுந்த பிறகுதான் தன் குற்றம் என்ன என்று கேட்கலாம். அதுவரை அவனோடு யாரும் பேசக்கூடாது. பெரியதனக்காரரும் நானும் சேர்ந்து தன்னை விலக்கிவிட்டோம் என்று மச்சான் நினைத்துவிட்டார். ஊரும் அப்படியே நினைத்தது. "இன்னா தப்புன்னு தெரியாம எதுக்கு வுழணும்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே குழாயடியில் அக்காவுக்குப் பக்கத்தில் ஒருத்தியும் நிற்கவில்லை.

அப்புறம்தான் எண்ணினேன். நூற்று இருபத்தைந்தாம் எண் குப்பனுக்கு இருபத்தாறு முறை. மச்சானின் பதின்மூன்றும் அவனிடம் போயிருக்கிறது. அவனும் வாயைத் திறக்கவில்லை, ஊர் பார்த்துக் கொடுத்தது என்று வலை கட்டிக்கொண்டிருக்கிறான்.

பெரியதனக்காரரிடம் ஓடினேன். நான் சொல்வதற்கு முன்பே முதுகில் தட்டி, "அக்கா புருசன்னுகூட பாக்காம செஞ்ச பாரு, நீதான்டா ஆளு" என்றார். கம்ப்யூட்டர் பிசகிவிட்டது என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன் ரவூப். அவர் முகம் மாறிவிட்டது. "கம்முனு இரு. பொட்டி தப்பு பண்ணுச்சுன்னு வெளிய சொன்னா பட்டியல் போச்சு, பொட்டி போச்சு, நீயும் போன. ஒரு வருசம்தான. அவனா வந்து வுழுவான், அப்பால சேத்துக்கலாம்" என்றார். மறுவாரம் என்னைச் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டார்.

நூற்று முப்பத்தொன்பது வீட்டுக்கு நியாயம் கிடைத்திருக்கிறது. ஒரு வீட்டுக்காக அதைக் கெடுப்பதா? நீயே சொல்.

உன்,
சிகாமணி

*

மண்ணடி,
11.6.1988

சிகாமணிக்கு,

சொல்கிறேன். கெடு.

நடந்தது என்ன என்று எழுதுகிறேன், உனக்கும் புரியட்டும். கம்ப்யூட்டர் ஒவ்வோர் எண்ணையும் சின்னச் சின்ன விளக்குகளாக வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள். சில எரியும், சில அணைந்திருக்கும். நூற்றுப் பதினேழில் அணைந்திருக்க வேண்டிய ஒரு விளக்கு எரிந்துவிட்டது. அந்த விளக்கின் மதிப்பு எட்டு. நூற்றுப் பதினேழும் எட்டும் நூற்று இருபத்தைந்து. அவ்வளவுதான். அதற்குப் பொன்னுரங்கத்தையும் தெரியாது, உன் பெரியதனக்காரரையும் தெரியாது. காத்திருக்காமல் கேட்டாய், மெமரி உளறியது.

இதில் என் பங்கையும் எழுதிவிடுகிறேன். இருபது வீட்டு மாதிரி மெமரியின் முதல் மூலையை மட்டும்தான் தொடும். நூற்றுப் பதினேழாம் வீடு இருக்கிற இடத்தை அது தொடவே தொடாது. அதை யோசிக்காமல் "மாதிரி சரியென்றால் சரி" என்று எழுதியவன் நான். தொடாதே என்று சொன்னவனும் நான், தொட்டால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று சொன்னவனும் நான். பசித்தவனிடம் சோற்றைக் காட்டிவிட்டுச் சாப்பிடாதே என்றிருக்கிறேன்.

ஆனால் நாலாம் நாள் சாயங்காலத்துக்குப் பிறகு நடந்த எதையும் இயந்திரம் செய்யவில்லை. அதை நீ செய்தாய்.

இத்துடன் தனித் தாளில், தவறு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூட்டத்தில் படித்துக் காட்டு. பெட்டியை உடைக்கட்டும். என்னைத் திட்டட்டும். உன் செயலாளர் நாற்காலி போகட்டும். உன் அக்கா குழாயடிக்குப் போகட்டும்.

ரவூப்

*

வெள்ளிமேட்டுக்குப்பம்,
20.7.1988

ரவூபுக்கு,

உன் தாளைப் படித்துக் காட்டவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

உனக்கு ஏரியில் பாடு உண்டா? முறை உண்டா? உன் தாத்தா எங்களுக்கு வலை நூல் விற்றார், உன் மாமா இறாலுக்கு விலை வைக்கிறார். கரையில் நின்று பேசுவது சுலபம். நாளைக்கு இந்த ஊர் என்னையும் விலக்கினால் நீ மண்ணடியில் பிரியாணி தின்றுகொண்டு இன்னொரு கடிதம் எழுதுவாய். நியாயம் பேசுகிறவர்களுக்கு எப்போதுமே பஸ் பிடிக்க இடம் இருக்கிறது.

இன்னொரு செய்தி. இனி நீ கடைத்தெருவில் யாரையும் பார்த்து உருக வேண்டாம். போன வெள்ளிக்கிழமை அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். கிளம்புமுன் அக்கா என் வாசலில் வந்து நின்றாள். "டேய் சிகா, நீ எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நம்பறேன்" என்றாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலக்கப்பட்டவர்களோடு பேசக்கூடாது என்பது ஊர்க் கட்டு. நான் செயலாளர். பேசவில்லை. அவள் ரொம்ப நேரம் நின்றிருந்தாள்.

படகை எடுத்துப்போகவில்லை. எண்ணை மட்டும் சுரண்டிவிட்டுப் போயிருக்கிறார் மச்சான்.

தெய்வசிகாமணி

*

மண்ணடி,
5.3.1989

அன்புள்ள சிகாமணிக்கு,

எட்டு மாதமாக எழுதக்கூடாது என்று இருந்தேன். இன்று எழுதுவது எனக்காக இல்லை.

காசிமேட்டில் அவர்களைக் கண்டுபிடித்துவிட்டேன். பொன்னுரங்கம் ஒரு விசைப்படகில் கூலிக்குப் போகிறார். உன் அக்கா கம்பெனி ஒன்றில் இறால் தலை கிள்ளுகிறார். ஐஸ் தண்ணீரில் விரல் வெந்து வெளுத்திருக்கிறது. தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்: கிரிஸ்டல், தொப்பி, எட்டு, எல்லாம். உன்னைத் தாங்கியே சொன்னேன். நீ எடுக்கவில்லை, இயந்திரம் பிசகியது என்றேன்.

பொன்னுரங்கம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். பிறகு, "பொட்டி தப்பு பண்ணுச்சு, சரி பாய். அத்த நான் மன்னிச்சிட்டேன், அதுக்கு இன்னா தெரியும்? ஊருக்கு வாய் இருந்துச்சே. எண்ணிப் பாத்தவனுக்கு வாய் இருந்துச்சே" என்றார். எண்ணிப் பார்த்தாய் என்பதை நான் சொல்லவில்லை சிகாமணி. நாலாம் நாள் சாயங்காலம் நீ சுவருக்கு முன்னால் பென்சிலோடு நின்றதை அவர் பார்த்திருக்கிறார். ஓடி வந்து சொல்வாய் என்று மூன்று மாதம் காத்திருந்திருக்கிறார்.

உன் அக்கா கேட்பது ஒன்றே ஒன்று. வருகிற சித்திரைப் பட்டியலில் நூற்றுப் பதினேழு இருந்தால் வந்துவிடுகிறோம் என்கிறார். விழமாட்டோம், தட்டு வைக்கமாட்டோம், யாரையும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம், எண் மட்டும் இருக்கட்டும் என்கிறார். "அவன் கைதான போடறது" என்றார். இன்னும் உன் கையை நம்புகிறார்.

இத்துடன் ஒரு ஃபிளாப்பி. புரோகிராமை மாற்றியிருக்கிறேன். அரை மணிக்கு ஒரு முறை செய்ததை எழுதி வைத்துக்கொள்ளும். கரண்டு போனால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழைய கிரிஸ்டலே போதும், வேகமே வேண்டாம். முடிவில் ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வந்தது என்று தானே எண்ணியும் காட்டும். இதற்குப் பன்னிரண்டு வரிதான் பிடித்தது. போன வருஷமே இதை எழுதியிருக்கலாம். நீ வேகம் கேட்டாய், எனக்கு வேகத்தில் ருசி, எனக்கு இது தோன்றவே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

நான் எழுதிய கடுஞ்சொல் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீ எழுதியதையும் மறந்துவிடுகிறேன். அந்த ஓர் எண்ணைப் போடு.

என்றும்,
ரவூப்

*

வெள்ளிமேட்டுக்குப்பம் மீனவர் சங்கம்,
பழவேற்காடு அஞ்சல்,
15.4.1989

மதிப்பிற்குரிய ஜனாப் அப்துல் ரவூப் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் 5.3.1989 அன்று அனுப்பிய கடிதமும் ஃபிளாப்பியும் கிடைத்தன. சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்கள் கூறியபடியே பழைய கிரிஸ்டலைப் பொருத்தி, ஜம்பரையும் அதன் இடத்தில் போட்டு, புதிய புரோகிராமை ஓட்டினோம். இரண்டு நாளில் முடிந்தது. சரிபார்ப்பதற்காக மறுபடியும் ஒரு முறை ஓட்டினோம். இரண்டு பட்டியலும் ஒன்றாகவே இருந்தன. நானும் இன்னொருவரும் உட்கார்ந்து கையாலும் எண்ணினோம். ஒவ்வோர் எண்ணும் பதின்மூன்று முறை. ஒரு பிழையும் இல்லை.

இந்த ஆண்டு மொத்தம் நூற்று முப்பத்தொன்பது வீடுகள். மீந்த பதின்மூன்று முறையைக் கோயிலுக்கு விட்டிருக்கிறோம். நூற்றுப் பதினெட்டு முதல் எல்லோரையும் ஓர் எண் முன்னால் நகர்த்திவிட்டேன். நடுவில் காலி இடம் ஏதும் தெரியாது.

இப்படிக்கு,
பொ. தெய்வசிகாமணி,
செயலாளர்